எபிநேசர் கால்

மணலி குடோனில் ஏற்றிய பன்னிரண்டு பாய்கள்,
மஞ்சளும் நீலமும்.
கொருக்குப்பேட்டை, சமுதாயக் கூடம், இரண்டாவது மாடி.
சலானில் அவ்வளவுதான். ஆள் பெயர் இல்லை.

லிப்ட் கிடையாது.
முதல் பாயைத் தோளில் போட்டுப் பாதிப் படி ஏறியிருப்பேன்,
மேலேயிருந்து குரல்.
காது நசுங்கியவர்கள்
தங்களுக்கே கேட்க வேண்டுமென்று கத்துகிற குரல்.

"இன்னாடா அது, மறுபடியும் எபிநேசர் கால்?
எத்தினி வாட்டி சொல்றது,
எபிநேசர் கால் வெக்காதே!"

நின்றுவிட்டேன்.
பாய் ஒன்றும் அவ்வளவு கனமில்லை.

இரண்டாயிரம், பிப்ரவரி.
கல்லூரிகளின் இறுதிப் போட்டி, அறுபத்தொன்பது கிலோ.
எடை பார்ப்பதற்கு முந்தின நாள் மதியம்
கொளுத்தும் வெயிலில் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு
பச்சைத் தண்ணீர் படாத வாயோடு
ஒரே மைதானத்தைச் சுற்றினோம்.
அவன் எதிர்த்திசையில் வந்தான்.
ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தலையசைப்பு. பேச எச்சில் இல்லை.

மறுநாள் நான் ஒரு புள்ளி முன்னால்.
பதினோரு விநாடி மிச்சம்.
சும்மா நின்றிருந்தால் போதும்.
இடது கால் ஏன் முன்னால் போனது என்று
அப்போது எத்தனையோ பேர் கேட்டார்கள்.
அதை அந்தக் காலிடம் கேட்டிருக்க வேண்டும்.
கஜபதி எடுத்துக்கொண்டான்,
பஸ் சீட்டில் யாரோ மறந்துவிட்டுப் போன
குடையை எடுப்பதுபோல.

அவனுக்குக் கோப்பை, பேப்பரில் படம்,
ரயில்வேயில் வேலை.
எனக்கு இந்த டாட்டா ஏஸ்.
தவணை முடிந்துவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மாடியில் இருந்தான். முன்மண்டையில் முடியில்லை.
பஞ்சு பிதுங்கும் பழைய பாயில் முட்டிபோட்டு
ஒரு பெண்ணின் குதிகாலை
அரையடி பின்னால் நகர்த்திக்கொண்டிருந்தான்.
என்னை நிமிர்ந்து பார்த்தான்.
"அந்தாண்ட போட்ருங்கண்ணே."

அண்ணே.

ஏழாவது நடையில் ஒரு பொடியன் கேட்டான்:
"சார், எபிநேசர்னா இன்னா சார்?"
யார் என்றுகூடக் கேட்கவில்லை.
கஜபதி யோசித்தான்.
விளையாட்டுக்கு இல்லை, நிஜமாகவே யோசித்தான்.
விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னான்:
"அவசரம்டா.
ஜெயிச்சிக்கினு இருக்கும்போது வர்ற அவசரம்."

பையன்கள் தலையாட்டினார்கள்.
நானும் ஆட்டினேன் போலிருக்கிறது,
தோளில் இருந்த பாய் சரிந்தது.

பன்னிரண்டும் இறக்கியாயிற்று.
பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் அவன் கிறுக்கினான்.
கொண்டுவந்தவர்: பெயர், கைபேசி எண்.
இன்ஷியல் விடாமல் முழுசாக எழுதினேன்,
கல்லூரியில் எடைச்சீட்டில் எழுதியதுபோல.
அவன் படிக்கவில்லை. நாலாக மடித்துப் பையில் வைத்தான்.
டீக்கு இருபது ரூபாய் கொடுத்தான்.
வாங்கிக்கொண்டேன்.

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கிறது.
முன்னால் பெட்ரோல் டேங்கர் ரயில்,
எண்ணெய் வாடையோடு ஊர்கிறது.
நியூட்ரலில் போட்டுவிட்டுக் காலைத் தொங்கப்போடலாம்.
போடவில்லை.
கிளட்சை மிதித்தபடி நடுங்குகிறது
இடது கால்.

பக்கத்து சீட்டில் போன் அதிர்கிறது.
பெயரில்லாத எண்.

எடுக்கலாம்.
முதலில் பதினோரு டேங்கர் போகட்டும்.