இடது காதுக்கு ஒரு வயர்

முழங்கை மேசையில் பட்டால்
இடது காது செத்துவிடும்.
வயரை இரண்டாய் மடித்துப்
பேனா மூடிக்குள் செருகி வைத்தால்
உயிர் வரும்.
இப்படியே பதினொரு நாள் தட்டச்சு செய்தேன்,
டூத்தா நீதிமன்றத்து ஒலிப்பதிவுகளை.
யார் கேட்டார், யார் சொன்னார்,
எங்கே சாட்சி பேசாமல் நின்றார்.
பேசாமல் நிற்பதற்கும்
ஓர் அடைப்புக்குறி வைத்திருக்கிறோம்.

வெள்ளிக்கிழமை
மோனோரயிலில் இம்பி இறங்கி லோயாட்.
நாலாம் மாடி, கழிவறைக்குப் போகும் வழியில்
சியூ யின் கடை.
கண்ணாடிக்குள் வயர்கள்
நகைக்கடைச் சங்கிலி மாதிரி சுருண்டு கிடந்தன.
வெள்ளி முலாம் பூசியது நானூற்றெண்பது வெள்ளி.
வெறும் செம்பு முப்பத்தொன்பது.
"வெள்ளி பளிச்சென்று கேட்கும்,
செம்பு கொஞ்சம் இளஞ்சூடு" என்றாள் மலாயில்,
கோப்பிக் கடையில் சொல்வதுபோல.

என் கேள்விகள் வேறு.
இந்த ஒடுங்கிய குழிக்குள் முனை நுழையுமா?
சட்டையில் உரசினால் சரசரக்குமா?
பின்னல் வயரை நகத்தால் கீறிக் காட்டினாள்.
காதுக்குள் யாரோ
கோணிப்பையை இழுத்துக்கொண்டு போனார்கள்.
கறுப்பு ரப்பர் வயரைக் கீறினாள்,
அது வாயே திறக்கவில்லை.
அதையே எடுத்தேன்.
ஒன்றரை மீட்டர், முப்பத்தொன்பது வெள்ளி.

துல்லியமா என்று பார்க்கச் சொல்லி
ஒரு பாட்டைப் போட்டாள்.
நன்றாகத்தான் இருந்தது.
ஆனால் அதைப் பாடிய அறையில் நான் இல்லையே.
அந்தத் தபலாவின் தோல் அன்றைக்கு
ஈரமா, காய்ந்திருந்ததா?
அசலைப் பார்க்காதவன்
நகலுக்குச் சான்றொப்பம் போடக் கூடாது.
இருபது வருஷ அரசாங்கச் சம்பளத்தில்
உருப்படியாய்க் கற்றது இது ஒன்றுதான்.

அதனால்தான் கைத்தொலைபேசியில்
என் சமையலறையை நாலு நிமிடம் வைத்திருக்கிறேன்.
ஐஸ்பெட்டியின் முனகல்.
எவர்சில்வர் மங்கில் குழாய்ச் சொட்டு.
கீழ்வீட்டு ரோஸ்லான் மூன்றாம் உதையில்
மோட்டாரைக் கிளப்புவது.
"மஞ்சத்தூள் டப்பா எங்கங்க?"
என் மனைவி பரிமேலழகி.
அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை,
அதுவும் பதிவாகியிருக்கிறது.
புது வயரில் கேட்டேன்.
சொட்டு மங்குக்குள் விழுந்தது, வெளியே அல்ல.
அவள் ஜன்னல் பக்கம் நின்றாள்.
அன்றைக்கு அங்கேதான் நின்றாள்.
சரி.

திங்கட்கிழமை,
போன வாரம் பாதியில் விட்ட கோப்பு.
முழங்கை பட்டது. காது சாகவில்லை.
ஆனால் முப்பத்தொன்றாம் நிமிடத்தில்
இடது பக்கம் அதே கரகரப்பு.
பழைய வயர்மேல் போட்டிருந்த பழிகளில்
இதுவும் ஒன்று.

இடம் வலம் முனைகளை மாற்றிச் செருகினேன்.
கரகரப்பு வலது காதுக்குக் குடிபெயர்ந்தது.
ஆக, ஹெட்போன் குற்றமற்றது.
குப்பைக்கூடையில் கிடந்த பழைய வயரை எடுத்து
பேனா மூடிக்குள் செருகிக் கேட்டேன்.
அதே நொடி, அதே அளவு.
இரண்டு வயருக்கும் விடுதலை.

ஒலியைக் கூட்டினேன்.
கரகரப்புக்கு ஓர் ஒழுங்கு இருந்தது.
பெயர், வயது, வேலை என்று கேட்கும்போது இல்லை.
வக்கீல் வாயில் 'லோரி' வரும்போது மட்டும்.
கண்ணாடி வளையல்.
சாட்சிக்கூண்டு மரத்தின்மேல்
முன்னும் பின்னும் உருட்டுகிறாள்.
வாய் மட்டும் சீராகச் சொல்கிறது,
"ஞாபகம் இல்லைங்க."

இதற்கு அடைப்புக்குறி கிடையாது.
'வளையல்' என்று தட்டினேன்.
நான் பார்த்தேனா?
அழித்தேன்.
'ஒலி' என்று தட்டினேன்.
அது மின்விசிறிக்கும் பொருந்தும்.
ஞாபகம் இல்லைங்க என்பதை மட்டும்
அவள் சொன்ன 'ங்க'வோடு விட்டுவைத்தேன்.

பிறகு பழைய கோப்புகளைத் திறந்து எண்ணினேன்.
பதினொரு நாளில்
'தெளிவில்லை' என்று நான் போட்ட இடங்கள்
இருபத்தாறு.
சாப்பாட்டு நேரம்.
முதலாவதிலிருந்து ஆரம்பித்தேன்.