இளைப்பாற்றி

கதவு தட்டப்பட்டபோது
எதெல்மிராவின் கால்கள் வெந்நீரில் இருந்தன.
கல்லுப்பு போட்ட வெந்நீர்.
நான்தான் காய்ச்சிக் கொடுத்தேன்,
அதனால் கோபப்பட எனக்கு உரிமை இருந்தது.

ஜூன் மாதம். சிலோயேத் தீவுகளில்
ஜூன் என்றால் மழை.
ஜூலை என்றாலும் மழைதான்.
அவள் முழங்காலில் ஊசி போட்டு நான்கு நாள்.
படியிறங்காதே, ஈரத்தில் நிற்காதே என்று
காஸ்த்ரோ மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டை
அடுப்புக்கு மேலே நானே ஒட்டியிருந்தேன்.

வாசலில் கைச்செயோ வீட்டுப் பையன்,
தொப்பியைப் பிழிந்தபடி.
"அப்பா போய்விட்டார்."
அவ்வளவுதான் சொன்னான்.
அவள் கால்களை எடுத்துத் துடைக்கத் தொடங்கினாள்.

நொல்பெர்த்தோ கைச்செயோ!
"செபம் சொல்லப் பொம்பளையா?" என்று
தீவு தீவாய்க் கையெழுத்து வாங்கி
ஆயருக்கு அனுப்பியவன்.
அந்தத் தாளில் என் தம்பியின் கையெழுத்தும் இருந்தது,
அது வேறு கதை.

பங்குத்தந்தை எங்கள் கரைக்கு வருவது
வருடத்துக்கு இரண்டு முறை.
மற்ற நாளெல்லாம்
பிறப்புக்கும் இறப்புக்கும்
கோயில் சாவி வைத்திருக்கும் ஃபிஸ்கால்தான்.
பதினொரு வருடமாய் என் மனைவிதான் ஃபிஸ்கால்.
சம்பளம் கிடையாது.
சில வீட்டில் உருளைக்கிழங்கு தருவார்கள்,
சில வீட்டில் அதையும் மறந்துவிடுவார்கள்.

"விடியட்டும்" என்றேன்.
"செத்தவனுக்கு என்ன அவசரம்?"
"அவனுக்கு இல்லை" என்றாள்.
"அவன் பெண்டாட்டி உட்கார்ந்திருப்பாளே."

படகை நான் ஓட்டினேன்.
ஆண்டவருக்காக அல்ல, நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்,
அந்த மோட்டார்
என் கைக்குத்தான் பணியும்.
முன்னால் பையனின் படகு விளக்கு
முங்கி முங்கி எழுந்தது.
செபப் புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்
கம்பளிச் சட்டைக்குள் வைத்திருந்தாள்.
முழங்காலுக்கு ஒரு பை சுற்றத் தோன்றவில்லை அவளுக்கு.

சாவு வீட்டில் எனக்கு
அடுப்போரம் இடம் கிடைத்தது,
ஆட்டுக்கறிச் சாறு கிடைத்தது.
சொல்ல வெட்கமாயிருக்கிறது, சுகமாக இருந்தது.
அவள் பலகைத் தரையில் முழங்காலிட்டாள்.
அந்த முழங்காலை.

செபமாலை முடியும்போது
அவள் குரல் போய்விட்டது.
"ஆண்டவரே, இவருக்கு" என்று தொடங்கியது,
அப்படியே நின்றது.
அறையில் பதினாறு பேர்.
தெரியாதவர்கள் தரையைப் பார்த்தார்கள்,
தெரிந்தவர்களும் தரையைத்தான் பார்த்தார்கள்.
என் வாயில் சாறு.
சாற்றுக்குப் பின்னால், எங்கிருந்தோ, அந்த வரி:
"நித்திய இளைப்பாற்றியை அளித்தருளும்."

என் குரல்தான்.
பதினொரு வருடமாய்ச்
சமையலறைச் சுவர் வழியே கேட்டுக் கேட்டுப்
படகின் அடியில் சிப்பி ஒட்டுவதுபோல்
ஒட்டியிருக்கிறது.
நான் கூப்பிடவில்லை.

விடியும்வரை
அவள் உதட்டை அசைத்தாள், நான் சத்தம் கொடுத்தேன்.
கிண்ணம் ஆறி நெய் உறைந்தது.
இளைப்பாற்றி, இளைப்பாற்றி என்று
எத்தனை முறை,
அதுவும் அவளை வேண்டாமென்றவனுக்கு!
தனக்கென்று அந்தச் சொல்லை
அவள் கேட்டு நான் கேட்டதில்லை.

வீட்டில் பாத்திரத்துத் தண்ணீர்
கடலைப்போல் குளிர்ந்து கிடந்தது.
மறுபடியும் அடுப்பை மூட்டினேன்.
கொதி வருமுன்னே தூங்கிப்போனாள்,
நாற்காலியில், பூட்ஸோடு, வாய் திறந்தபடி.
புனிதர்களின் படங்களில்
யாரும் அப்படித் தூங்குவதில்லை.
பூட்ஸைக் கழற்றினேன். விழிக்கவில்லை.
வெந்நீரை வீணாக்குவானேன் என்று
என் கால்களை உள்ளே வைத்தேன்.

சுகம்தான்.
ஆனால் காது கதவிலேயே இருந்தது.
யாராவது தட்டினால்
அவள் விழிக்குமுன் நான் எழ வேண்டும்.
திருப்பி அனுப்பவா, கூடப் போகவா,
அது அப்போது தெரியும்.
துண்டை எடுத்து
மடியில் வைத்துக்கொண்டேன்.