வகை

கோபாலபுரம் செக்போஸ்ட், காலை ஆறு பத்து.
வெள்ளைக் கூரை, நான்கு குட்டிச் சக்கரம்,
சத்தமே இல்லாமல் வந்து நின்றது.
கோவையில் ஏதோ கோல்ஃப் கிளப் ஏலத்தில் விட்டதாம்.
மட்டைப் பை வைக்கும் இடத்தில் இரண்டு பால்கேன்.

நம்பர்?
இல்லை.
இன்சூரன்ஸ்?
"கேட்டேனுங்க, போட மாட்டேங்கறாங்க."
வேகம்?
"சார்ஜ் இருந்தா இருவது. மேட்டுல
நடக்கறவங்க முந்திக்குவாங்க."
சிரிக்காமல்தான் சொன்னார் மயிலாத்தா.

அவர் இடது கால் போனது இதே ரோட்டில்,
எண்பது கிலோமீட்டரில் வந்த வேனில்.
அதற்கு நம்பர் இருந்தது, இன்சூரன்ஸ் இருந்தது,
எல்லாத் தாளும் சரி.

சலானில் ஒரு கட்டம்: வாகன வகை.
கார் இல்லை. ஆட்டோ இல்லை.
பேனாவைத் திறந்தபடி நிற்கிறேன்.
பின்னால் தேங்காய் லாரிக்காரன் ஹாரனை விடவே இல்லை.
அதற்கும் பின்னாலிருந்து மலையாளத்தில் ஒருவர்
என் அம்மாவை விசாரித்தார்.

சட்டம் என் பக்கம்தான்.
நாளை இருட்டில் இதன்மேல் ஒரு லாரி ஏறினால்
மகஜர் எழுதப்போவதும் நான்தான்.
அதையும் சொன்னேன்.
"தெரியுமுங்க.
அந்தப் பக்கம் சொசைட்டியில
ஆறரைக்கு மேல பால் எடுக்க மாட்டாங்க."

போன மாதம் வந்த சிவப்பு ஸ்டிக்கர்
டிராயரில் கட்டோடு கிடந்தது.
ஒன்றை உரித்து, பனி ஈரம் துடைத்து,
பால்கேனின் முதுகில் ஒட்டினேன்.
போனார். லாரி அவரைத் தாண்ட
அரை கிலோமீட்டர் ஆனது.

ஸ்டிக்கருக்குக் கணக்கு எழுத வேண்டும்.
கொடுத்தது: மாட்டுவண்டி, ஒன்று.

அடுத்த கட்டம்:
மாடுகள் எத்தனை?