கேட் போட்டிருக்கிறது

நீடாமங்கலத்தில் கேட் போட்டாச்சு.
முன்னால் பதினோரு வண்டி, ஒரு நெல் லாரி.
டிரைவர் இன்ஜினை நிறுத்துகிறார்.
சத்தம் நின்றதும் எனக்கு முட்டத் தொடங்குகிறது.

இருபத்தெட்டு வருஷம் இதே ரூட்டில்
பை மாட்டி விசில் ஊதினவன்.
மன்னார்குடியில் ஏறினால் தஞ்சாவூர்தான்,
நடுவில் ஒதுங்கினதே இல்லை.
அதில் ஒரு கர்வம்கூட உண்டு.
"கொஞ்சம் நிறுத்துங்க தம்பி" என்று
காதோரம் வந்து கேட்ட ஒருத்தரை
"வீட்டுலயே முடிச்சிட்டு வர்றதில்லையா" என்று
பஸ் முழுக்கக் கேட்கச் சொன்னேன்.
அவர் முகம் மறந்துபோச்சு.
வேட்டியை முன்னால் கொத்தாகப் பிடித்திருந்த கை
மறக்கவில்லை.

முப்பத்தேழு நாள் கரண்டு வைத்தார்கள்.
தினமும் அரை லிட்டர் குடித்துவிட்டு
அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும்.
பை நிரம்பினால்தான் குடல் ஒதுங்குமாம்.
மெஷின் மக்கர் பண்ணின நாளில்
ஒன்பது பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல்
சுவர்க் காலண்டரையே படித்தோம்.
அந்த மாசத்து ராகுகாலம் எனக்கு மனப்பாடம்.
தொப்புளுக்குக் கீழே ஒன்று, இடுப்புக்கு இரண்டு,
மூன்று புள்ளி பச்சை குத்தினான் ரிச்சர்டு.
"கோலம் எப்பத் தம்பி போடுவே?" என்றேன்.
சிரித்தான். நல்ல பையன்.
கைதான் சில்லென்று இருக்கும்.

இப்போது மூன்று மாசத்துக்கு ஒரு ஊசி.
வயிற்றுச் சதையைப் பிடித்துப் போடுகிறார்கள்.
"ஹார்மோனைக் குறைக்கிறோம் சார்" என்றார் டாக்டர்.
குறைந்தது.
நெஞ்சில் சதை கூடிவிட்டது,
சட்டை இல்லாமல் வாசலுக்கு வருவதில்லை.
மார்கழியில், விடிகாலை மூன்று மணிக்கு,
தெருவே போர்த்திக்கொண்டு கிடக்கிறபோது
கழுத்திலிருந்து ஒரு தீ ஏறித் தலையணை நனைகிறது.

முதல் தடவை மாரடைப்பு என்றே நினைத்து
அபயாம்பாளை எழுப்பினேன்.
லைட்டைப் போட்டு, நெற்றியில் புறங்கை வைத்தாள்.
"அனல். அஞ்சு நிமிஷம். போயிடும்."
ஈரத்துண்டை மடித்துப் பிடரியில் போட்டாள்.
எந்த இடம் என்று அவள் கைக்குத் தெரிந்திருந்தது.
"உனக்கு எப்படித் தெரியும்?"
"நாலு வருஷம் பட்டேனே."
"சொல்லவே இல்லையே நீ."
"சொன்னேன். குளிருது, ஃபேனைக் குறைன்னீங்க."
சண்டைக்குரல் இல்லை.
கரண்ட் பில் எவ்வளவு என்று சொல்கிற குரல்.

சாதிக் மெடிக்கலில் பெரியவர்கள் டயாப்பர் கேட்டால்
பேப்பரில் சுற்றிக் கறுப்புப் பையில் போட்டுத் தருகிறார்.
எனக்காக என்று நினைத்துக் கூசினேன்.
அபயாம்பாள் சொல்கிறாள்,
பெண்டுகளுக்கு முப்பது வருஷமாக அப்படித்தானாம்.
நான் ஒரு தடவைகூட வாங்கப் போனதில்லை.

மற்றது நின்று ஒன்றரை வருஷம் ஆகிறது.
அதைப்பற்றிப் பேச ஒருநாள் வாயெடுத்தேன்.
நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிராமலே,
"தூங்கறப்போ எம்மேல காலைப் போடுவீங்களே,
அதை ஏன் விட்டீங்க?" என்றாள்.
நனைத்துவிடுவேனோ என்ற பயம்.
அதைச் சொல்லவில்லை.
அன்றைக்கு ராத்திரி போட்டேன்.

ரயில் இன்னும் வரவில்லை.
கண்டக்டர் சின்னப் பையன், என்னைத் தெரியாது.
எழுந்து அவன் காதோரம் போனேன்.
என்ன கேட்பது என்று யோசித்திருந்த வாக்கியம் வரவில்லை.
வேட்டி முனையைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தான்.
"லாரிக்கு அந்தப் பக்கம் போங்க" என்றான், மெதுவாக.

கருவேலம் புதர். கீழே சம்பா நடவு முடிந்த வயல்.
இத்தனை முட்டலுக்கு
வந்தது என்னவோ நாலு சொட்டு.
நிற்கிறேன், அடுத்தது வருமா என்று.
கூட்ஸ் வண்டி. முப்பத்தெட்டு பெட்டி வரை எண்ணினேன்.
பிறகு மணி, கேட் தூக்குகிற கிறீச்.
பதினோரு வண்டியும் ஒரே நேரத்தில் உறுமி
பின்னாலிருந்து ஹாரன், ஹாரன்.
இன்னும் இரண்டு சொட்டு.

விசில் கேட்டது.
இரட்டை ஊதினால் போ.
காது கொடுத்து நின்றேன்.
ஒற்றைதான்.