குச்சிக் கணக்கு

கண்டி ஆஸ்பத்திரியில் தந்த ஐஸ்கிரீம் குச்சிகள்
ரப்பர் பட்டி போட்டு
சாமித்தட்டில், திருநீற்றுக்குப் பக்கத்தில் இருக்கின்றன.
விடியுமுன் பல்லிடுக்கில்
ஒவ்வொன்றாய்ச் செருகி வாயைத் திறக்கப் பழகுகிறேன்.
தையில் ஏழு.
இன்று பதினொன்று. பன்னிரண்டாவதைத் தள்ளும்போது
கண் நிறைந்துவிட்டது.

வெற்றிலை போடத் தொடங்கியதும் பன்னிரண்டில்தான்.
பிரட்டுக்கு நிற்கிற இருட்டில், வெறும் வயிற்றில்,
பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும்
பசியை உருட்டிக்
கன்னத்துக்குள் ஒதுக்கிவைக்கும்.
பத்து மணித் தேத்தண்ணி வரை தாங்கும்.
பழக்கம் என்றார் டாக்டர்.
நான் அதைச் சாப்பாடு என்று நினைத்திருந்தேன்.

சாப்பாட்டு மிஸ் கொப்பியில் எழுதித் தந்தாள்:
முட்டை, மீன், பருப்பு, பச்சையிலை.
உறைப்பு வேண்டாம். ரொட்டி இப்போதைக்கு இறங்காது.
"உங்க பக்கந்தானே மரக்கறி விளையுது?"

விளையுது மிஸ்.
நானுஓயா ரோட்டில் லீக்ஸும் கரட்டும்
குளித்து, வேர் நறுக்கி, லொறியேறித்
தம்புள்ளைக்குப் போகும்.
கொழுந்துக் கூடையோடு ஒதுங்கி நின்று
வழிவிட்டிருக்கிறேன்.
லயத்துக்கு வருவது உடைந்த கரட்,
அதுவும் சம்பள வாரத்தில்.

அடைக்கலத்துக்கு அடுப்பு தெரியாது.
தெரியாமலே கீரையை அவித்துப்
பருப்போடு கடைந்து
தேத்தண்ணி வடியில் வடித்துத் தருகிறான்.
"உப்பு சரியா?"
தலையாட்டுகிறேன்.
கரண்ட் வைத்த நாளிலிருந்து
உப்பும் ஒன்று, சீனியும் ஒன்று,
நாக்கு மரப்பலகை.
இது அவனுக்குத் தெரியாது.
தெரிந்தால் கேட்பதை நிறுத்திவிடுவான்.

அரைப்பேருக்கு மலையேறத் தொடங்கி
இது மூன்றாவது கிழமை.
இடுப்பில் அதே சுருக்குப் பை.
வெற்றிலை இருந்த இடத்தில்
அவித்து உரித்த ஒரு முட்டை.
நிரையில் மற்றவர்கள் சுண்ணாம்பு தடவும்போது
நான் திரும்பி நின்று
முட்டையை விரலால் மசித்து
கொஞ்சங்கொஞ்சமாய் உள்ளே தள்ளுவேன்.
சிவனம்மா சிரிப்பாள். நானும் சிரிப்பேன்,
பதினொரு குச்சி அளவுக்கு.

நேற்று மழைக்கு முந்தின வெயிலில்
முட்டையில் ஏதோ இருந்தது.
நாக்கு நின்று, யோசித்து, கண்டுபிடித்தது:
புகையிலை.
பையின் தையலுக்குள் ஒளிந்திருந்த பழைய தூள்.
ஐந்து மாதத்துக்குப் பிறகு
எனக்குத் திரும்பி வந்த முதல் ருசி.

வாய் ஊறவில்லை, ஊறுவதற்கு எச்சில் இல்லை.
ஆனாலும் உடம்பு முழுக்க
அதன் பக்கம் சாய்ந்தது.

துப்பினேன்.
பையை உள்புறம் வெளியே திருப்பிக்
கானில் மூன்று தரம் அலசினேன்.
மீதி அரை முட்டையையும் கழுவித் தின்றேன்.
ஒரு முட்டை ஐம்பது ரூபாய்.