நாலு விரல்

செவ்வாய், வெள்ளி காலை ஏழரைக்கு
அரிசி டின்னில் செல்போனைச் சாத்திவைத்துவிட்டு
சுவரோடு ஒட்டி நிற்கிறேன்.
காலண்டரைக் கழற்றியாயிற்று.
ஆணி மட்டும் இருக்கிறது.

பாளையங்கோட்டையிலிருந்து பெனிட்டா சொல்லச் சொல்ல
குதிகால் சுவரில்,
இடுப்பு சுவரில்,
தோள்பட்டை இரண்டும் சுவரில்.
"இப்ப தலை, அண்ணாச்சி."
தலைக்குத்தான் சுவர் எட்டவில்லை.
"எவ்வளவு இடைவெளின்னு கைய விட்டுப் பாருங்க."
விட்டுப் பார்த்தேன்.
நாலு விரல்.

முப்பத்துமூன்று வருசம் கண்டக்டர்,
பாபநாசம் திருநெல்வேலி ரூட்.
சில்லறைப் பை இடது தோளில்,
இடுப்பு சீட்டுக் கம்பியில்,
எச்சில் தொட்டுக் குனிந்து குனிந்து கிழித்த டிக்கெட்
எத்தனை லட்சமோ, டிப்போவுக்குத் தெரியும்.
சேரன்மாதேவியில் பாதிக் கூட்டம் இறங்கும்.
அங்கே ஒருதரம் நிமிர்வேன்.
ஒரு டிரிப்புக்கு ஒருதரம்.

திரையில் கட்டத்துக்கு ஓர் ஆளாய்ப் பத்துப் பேர்.
மேலப்பாளையம் செய்யதலி பாய்,
தையல் மிஷின்மேல் கவிழ்ந்தே ஐம்பது வருசம்.
டோனாவூர் ஞானதீபம் டீச்சருக்கு முகம் வருவதில்லை,
அவர் வீட்டு ஃபேன் சுற்றும், மூச்சு கேட்கும்.
முக்கூடலில் பீடி சுற்றுகிற செல்லக்கனி
முந்தானையைச் செருகிக்கொண்டு,
"நிமிந்தா கிறுகிறுன்னு வருதே தாயி" என்பாள்.
"மெதுவா நிமிருங்க. தரையப் பாக்காதீங்க."
தரையைப் பார்க்காமல் வேறெதைப் பார்க்க?
ஓடுகிற பஸ்ஸில்
உருண்டுபோன எட்டணாவைத் தேடிய கண்ணு இது.

போன வெள்ளி நல்ல மழை.
இரண்டு கையையும் மேலே தூக்கச் சொன்னாள்.
தூக்கினோம்.
அப்படியே நின்றாள்.
நானும் நின்றேன்.
அரை நிமிசம். ஒரு நிமிசம்.
சின்னப் பிள்ளை, கை துளி நடுங்கவில்லை,
கண்கூட இமைக்கவில்லை,
எனக்கு மட்டும் என்ன வந்தது என்று
பல்லைக் கடித்தேன்.
பாய்க்கு உதடு கோணிற்று. இறக்கவில்லை.
டீச்சரின் மூச்சு
ஏற்றத்தில் இரண்டாவது கியர் போட்ட வண்டி மாதிரி.
கடைசியில் செல்லக்கனிதான்,
"எய்யா, சவத்துக்குச் சிக்னலு போயிட்டுல்லா!"

கையைத் தூக்கியபடியே சிரித்தோம்.
பாய் இருமி இருமிச் சிரித்தார்.
நான் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்ததில்
பிடரிக்கு மேலே ஊசிபோல ஒரு குத்து.

சுவர் இல்லை. ஆணி.
ஆணிக்கும் சுவருக்கும் இன்னும் ஒரு விரல்.
தடவிப் பார்த்தால் ரத்தம் இல்லை.
பக்கத்தில் யாராவது இருந்தால் காட்டியிருப்பேன்.

ஆணியைப் பிடுங்கவில்லை.
காலண்டரையும் திரும்ப மாட்டவில்லை,
அது மேசைமேல் கிடக்கிறது,
பழைய தேதியோடு.

செவ்வாய்க்கிழமை பெனிட்டா கேட்டாள்,
"இப்ப எத்தனை விரல் அண்ணாச்சி?"
சிரிக்காமல் நின்று அளந்தேன்.
"மூணரை."
"அதென்ன அரை?"

எம்மா, எத்தனை பிள்ளைகளுக்கு
வயசு கேட்டு, ஆளை நிமிர்ந்து நிற்கச் சொல்லி
அரை டிக்கெட் கிழித்திருப்பேன்,
எனக்கா அரை தெரியாது?