எஞ்சினை நிறுத்து

சமாதானம் என்று பேப்பரில் போட்டிருந்த வருடம்.
உப்புவெளி ஹோட்டல் வாசலில் ஏறினார்,
முழங்காலை இரு கையாலும் தூக்கி
உள்ளே வைத்துக்கொண்டு.
‘சைனா பே’ என்றார்.
அட்மிரல், ரிட்டயர்ட் என்று
ஹோட்டல் பொடியன் காதுக்குள் சொன்னான்.
எனக்குத் தெரிந்த கடற்படைக்காரர் எல்லாரும்
என்னை இறங்கச் சொன்னவர்கள்.
ஏறிய முதல் ஆள் இவர்.

மடியில் ஒரு நீலப் புத்தகம்.
பறந்த நாள், பறந்த நேரம், கூடப் பறந்தவர்,
கட்டங்கட்டமாக ஓர் ஆயுள்.
இருபத்தொரு வயதில் இங்கே வந்தாராம்.
பிறகு ஜெட், பிறகு ஒரு கப்பல்,
பிறகு லண்டனில் மேசை.
கைச்சட்டையில் தங்கக் கோடு ஏற ஏற
புத்தகத்தில் எழுத்துக் குறைந்துகொண்டே போய்
கடைசியில் வெறுந்தாள்.
“அட்மிரல்கள் பறப்பதில்லை,
கூட்டம் வைப்பார்கள்.”

மட்டிக்களியில் சோதனைச்சாவடி.
சென்ட்ரி தன் தொண்டைக்குக் குறுக்கே
கையை இழுத்தான்.
பயப்பிடாதேயுங்கோ என்று சொல்லத் திரும்பினேன்.
எங்கள் ஊரில் அதற்கு
எஞ்சினை நிறுத்து என்று மட்டும்தான் பொருள்.
இவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

கப்பல் தட்டின் ஓரத்தில்
இரு கையிலும் மட்டை பிடித்து நிற்பானாம் ஒருத்தன்.
சாய்த்தால் சாயவேண்டும்.
தொண்டைக்குக் குறுக்கே இழுத்தால்
அந்தக் கணமே எஞ்சினை அறுக்கவேண்டும்.
யோசித்தவன் கடலில்.
“அவன் கையை நம்பித்தான் அட்மிரல் ஆனேன்.”

நானும் இருபது வருடமாய்
அந்தக் கைக்குக் கீழ்ப்படிகிறேன் ஐயா,
எனக்கு ஒரு கோடும் ஏறவில்லை.
சொல்வதற்கு என் ஹோட்டல் வாசல் இங்கிலீஷ்
போதவில்லை.
எஞ்சின் நின்ற பிறகும்
ஓட்டோ கொஞ்சத் தூரம் உருண்டது.

சீனக்குடாவில் விமானப்படைப் பொடியன்
பாஸ் கேட்டான்.
இவர் நீலப் புத்தகத்தை நீட்டினார்.
அவன் மரியாதையாகத்தான் புரட்டினான்,
மரியாதையாகத்தான் திருப்பிக் கொடுத்தான்.
செல்லாது.

எண்ணெய்க் குதங்களுக்கு இந்தப் பக்கம்
ரயில் கடவையடியில் நிறுத்தினேன்.
காட்டுக்குள் துரு,
அதற்கும் அப்பால் எங்கேயோ ஓடுபாதை.
கடைசிக் கூட்டலை விரலால் காட்டினார்:
ஏறியது ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று.
இறங்கியது ஆயிரத்து நூற்று நாற்பத்திரண்டு.

அந்த ஒன்று
மூதூருக்கு அங்கால், வெளிச்சவீட்டுக்கு நேரே.
மூன்று பேர் குந்தும் விமானம்.
வள்ளமொன்று இவரை மட்டும் எடுத்தது.
மற்ற இருவர் பெயரையும் ஒருமுறை சொன்னார்,
பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவதுபோல.
கரையில் வள்ளக்காரன்
இவர் கைக்கடிகாரத்தைக் கேட்டானாம்.
அரசாங்கச் சொத்து, கொடுக்கவில்லை.
அடுத்த மாதம் அது தொலைந்தது.
சம்பளத்தில் பிடித்தார்கள்.

“அந்த ஆளின்ட பேர்?” என்றேன்.
கடவைக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.
ரயில் ஒன்றும் வரவில்லை.

கூலி நானூறு. ஐந்நூறு தந்தார்.
இறங்கப் போனவர் திரும்பவும் குந்தி
என் பெயரைக் கேட்டார்.
எழுத்தெழுத்தாய்ச் சொன்னேன்.
வெறுந்தாளில், விமானியின் கட்டத்துக்குள்,
நாயகத்தை எங்கேயோ தவறவிட்டு
குணத்தை மட்டும் எழுதினார்.
பயணி என்ற இடத்தில் தன் பெயரை.

நான் திருத்தவில்லை.
இருட்டுமுன் மட்டிக்களி தாண்டவேண்டும்.